ஊதிப் போட்ட கேசட்

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட கழிமுகப் பகுதியில், சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் செல்லும் வழியில் அமைந்துள்ள கிள்ளை, சுரபுன்னைக் காட்டுக்கும் மீன்பிடிப்புக்கும் பெயர்பெற்ற ஊராகும். கணினியின் வரலாற்றை எழுதப் புகுந்தவர்கள் அதன் பெயரைக் குறிப்பிட வேண்டிய தேவை எழுந்ததில்லை. ஆயினும், நாற்பதைக் கடந்தவர்கள் பழைய வீடியோ கேம்களையும் பழைய வீட்டுக் கணினிகளையும் தேடிப்பிடித்து, பழுதுபார்த்து, மீண்டும் ஆடி மகிழும் பழக்கம் உலகெங்கும் பரவிவரும் இவ்வேளையில், அம்மகிழ்ச்சியின் இயல்பை விளங்கிக்கொள்ள லண்டனையும் டோக்கியோவையும் மட்டும் பார்த்தால் போதாது. கிள்ளை போன்றதொரு கடற்கரைப் பேரூரிலிருந்து நோக்கும்போது அதன் வேறொரு முகம் புலப்படுகிறது. இங்கிலாந்தில் இன்று ஐம்பது வயதாகும் ஒருவருக்கு வீட்டுக் கணினியும் வீடியோ கேமும் சிறுவயதில் ஒருசேர வாய்த்தன. கிள்ளைப் பக்கத்தில் வளர்ந்தவருக்கோ வீடியோ கேம் மட்டுமே கைக்கு எட்டியது; வீட்டுக் கணினி என்பது கதையில் படித்த பொருளாகவே நின்றுவிட்டது. ஆகவே இவ்வூர்க்காரருக்கு முன்னது மீட்பு, பின்னது முதல் அறிமுகம். இவ்விரண்டு இன்பங்களையும் 'மலரும் நினைவு' என்ற ஒரே சொல்லில் அடக்குவது பொருந்தாது.

வந்து சேராத பெட்டி

வீட்டுக் கணினி என்பது 1970களின் பிற்பகுதி தொடங்கி 1990களின் தொடக்கம் வரை விற்பனையான ஒரு தனி வகையைக் குறிக்கும். விசைப்பலகைக்குள்ளேயே முழுக் கணினியும் அடங்கியிருக்கும். வீட்டுத் தொலைக்காட்சியே அதற்குத் திரை, பாட்டுக் கேட்கும் டேப் ரெக்கார்டரே அதற்குச் சேமிப்பகம். மின்சாரம் கொடுத்த மறுநொடியில் பேசிக் என்னும் எளிய நிரல்மொழி ஆணைக்குக் காத்துத் திரையில் நிற்கும். 1982 ஏப்ரலில் இங்கிலாந்தில் வெளியான இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு: ரப்பர் விசைகள், 3.5 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் இசட்80 செயலி, 16 அல்லது 48 கிலோபைட் நினைவகம். டேப்பிலிருந்து ஒரு விளையாட்டு ஏறி முடிய ஏறத்தாழ ஐந்து நிமிடம் பிடிக்கும். அந்த ஐந்து நிமிடமும் கீச்சென்ற ஒலியும் திரையோரத்தில் ஓடும் வண்ணக் கோடுகளுமாகக் கழியும். அதே 1982இல் அமெரிக்காவில் வந்த கொமடோர் 64, இசைக்கென்றே தனிச் சில்லு ஒன்றைப் பெற்றிருந்தது.

இவை இந்தியாவுக்கு வரவே இல்லை என்று சொல்வதற்கில்லை. 1984இல் நடுவண் அரசு கணினி இறக்குமதி விதிகளைத் தளர்த்தியது. அதே ஆண்டில் பள்ளிகளில் கணினி அறிவைப் பரப்புவதற்கான 'கிளாஸ்' என்னும் திட்டம், ஏறத்தாழ 250 மேல்நிலைப் பள்ளிகளில், இங்கிலாந்தின் ஏக்கார்ன் நிறுவனம் வடிவமைத்த பிபிசி மைக்ரோ கணினிகளைக் கொண்டு தொடங்கப்பட்டது. ஸ்பெக்ட்ரத்தின் உரிமம் பெற்ற இந்திய வடிவம் ஒன்றும் 'டிபி ஸ்பெக்ட்ரம்' என்ற பெயரில் 1980களின் பிற்பகுதியில் விற்பனையானது. ஆனால் இவை பெருநகரங்களோடும் வசதியுள்ள சில வீடுகளோடும் நின்றுவிட்டன. கடலூர் மாவட்டத்தின் கடலோரச் சிற்றூர்களில் கணினியைப் பற்றிய முதல் செய்தியைக் கொண்டுவந்தவை வார இதழ்களே. பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராகப் பணியாற்றிய சுஜாதாவின் கட்டுரைகளும், ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா'வும்தான் அப்பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்ற ஆவலை மூட்டின. ஜீனோ என்ற இயந்திர நாயைத் தெரிந்த அளவுக்கு அன்றைய வாசகர் பெரும்பாலோருக்கு ஓர் உண்மையான விசைப்பலகையைத் தொட்ட அனுபவம் இல்லை. தொடாமலே அறிந்த பொருள்மீது ஏற்படும் ஆவல் எளிதில் தணிவதில்லை. முப்பது ஆண்டு கழித்து ஒருவர் ஸ்பெக்ட்ரத்தைத் தேடிப் போவதற்கு அந்தப் பழைய ஆவலே போதிய காரணம்.

கேசட்டும் கரும்பொட்டும்

கணினி வராத வீட்டுக்கு 'டிவி கேம்' வந்தது. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று வெளியிட்ட ஃபேமிகாம் என்னும் விளையாட்டுப் பெட்டியே இதன் மூலம். தைவானிலும் சீனாவிலும் அதை அப்படியே பார்த்துச் செய்த நகல்கள் உலகெங்கும் பாய்ந்தபோது, இந்தியக் கடைகளில் சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் முதலிய பெயர்களோடும், பெயரே இல்லாமலும் இவ்வகைப் பெட்டிகள் அடுக்கப்பட்டன. கடலூர், சிதம்பரம், பரங்கிப்பேட்டை வட்டாரங்களிலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பிழைக்கப் போனவர்கள் ஊர் திரும்பும்போது கொண்டுவந்த பெட்டிகளிலும் இவை இருந்தன. 1995இல் ஷா வாலஸ் நிறுவனம் வழியாக இந்தியாவுக்கு வந்த செகா மெகா டிரைவின் விலை, 80 விழுக்காடு இறக்குமதி வரி நிலவிய அக்காலத்தில், 18,000 ரூபாயாக இருந்ததை எண்ணிப் பார்த்தால், மலிவான நகல்கள் ஏன் வென்றன என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது. அவற்றையும் வாங்க இயலாதவர்களுக்கு, மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு ஆடவிடும் வீடியோ கேம் கடைகள் சிறுநகரங்களில் இருந்தன.

விளையாட்டு அடங்கிய நெகிழிப் பெட்டியை உலகம் 'கார்ட்ரிட்ஜ்' என்று அழைக்க, தமிழ்நாடு அதைக் 'கேசட்' என்றே அழைத்தது. உருவத்தில் பாட்டுக் கேசட்டை நினைவூட்டினாலும் அதனுள் சுழலும் பகுதி எதுவும் கிடையாது. நான்கு பக்கத்துக் கொக்கியையும் விடுவித்துத் திறந்தால் உள்ளங்கைக்குள் அடங்கும் பச்சைநிறப் பலகை ஒன்று தெரியும். அதன் நடுவே, உருகிய தார் சொட்டிக் காய்ந்ததுபோல், கரிய பிசின்பொட்டு ஒன்றிருக்கும். விலையைக் குறைப்பதற்காகச் சில்லுக்குத் தனி உறை போடாமல், வெறும் சிலிக்கான் துண்டைப் பலகையில் ஒட்டி அதன்மேல் பிசினை ஊற்றியதன் விளைவே அது. பலகையின் கீழ்விளிம்பில், இருபுறமும் சேர்த்து, செப்பின்மேல் பூச்சிட்ட 60 முனைகள் வரிசையாக நிற்கும். பெட்டியின் வாய்க்குள் இவை சரியாகப் பொருந்தினால்தான் படம் வரும், ஒரு முனை பிசகினாலும் திரையில் கோடும் கட்டமுமாகக் குப்பை தெரியும்.

படம் வராதபோது கேசட்டை உருவி, முனைகளில் 'பூ' என்று ஊதிப் போடுவது அன்றைய சிறுவர் அனைவரும் அறிந்த வைத்தியம். ஊதியபின் பலமுறை அது வேலை செய்ததும் உண்மையே. ஆனால் வேலை செய்ததற்குக் காரணம் கழற்றி மறுபடி மாட்டியதுதான், ஊதியது அன்று. மூச்சுக்காற்றின் ஈரம் முனைகளில் படிந்து நாளடைவில் பச்சைக் களிம்பை ஏற்றும்; கடற்காற்றில் கலந்துள்ள உப்பு அதனோடு சேரும்போது அரிப்பு இன்னும் விரைவாகும். கிள்ளையில் முப்பது ஆண்டு பரணில் கிடந்த கேசட்டை இன்று எடுத்துப் பார்ப்பவர் முதலில் காண்பது அந்தக் களிம்பையே. பென்சில் எழுத்தை அழிக்கும் சாதாரண ரப்பரால் முனைகளை மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் ஒருமுறை ஒற்றி எடுத்துக் காயவைத்தால், இறந்துவிட்டதாகக் கருதப்பட்ட கேசட்டுகளில் பல உயிர்பெறும். முப்பது ஆண்டுத் தவறான வைத்தியத்தை அரைமணி நேரத்தில் சரிசெய்துவிடக் கூடிய பொருள்கள் வாழ்க்கையில் குறைவு என்பதால், இந்தச் சிறுவேலை தரும் நிறைவு அதன் அளவுக்கு மிஞ்சியதாக இருக்கிறது.

'9999 இன் 1' என்று மேலட்டையில் அச்சிட்ட கேசட்டுகளைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். அவற்றுள் உண்மையில் இருந்தவை சில விளையாட்டுகளே. ஒரே விளையாட்டை வெவ்வேறு கட்டத்திலிருந்து தொடங்கும்படி அமைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு புதுப்பெயர் சூட்டிப் பட்டியலை நீட்டினார்கள். பட்டியலின் கடைசிவரை போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று உட்கார்ந்த பிள்ளைகளுக்கு அது ஏமாற்றமாக முடிந்தாலும், எந்த எண்ணில் எந்த விளையாட்டு ஒளிந்திருக்கிறது என்பதை நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைக்கும் வழக்கம் அதனால் உண்டாயிற்று. பதிப்பாளரும் கையேடும் இல்லாத ஒரு பண்டத்துக்கு ஆடியவர்களே கையேடு எழுதிக்கொண்டார்கள். தமிழ்நாட்டின் வீடியோ கேம் வரலாற்றை எழுத விரும்புவோர் முதலில் தேட வேண்டிய ஆவணம், இன்னும் எங்கேனும் எஞ்சியிருக்குமாயின், அந்த நோட்டுகள்தாம்.

நாற்பதாயிரம் பைட்டுக்குள் ஓர் உலகம்

வளர்ந்தவர் ஒருவர் இவ்விளையாட்டுகளுக்குத் திரும்பும்போது, சிறுவயதில் கண்ணில் படாத ஒன்று அவருக்குத் தெரியத் தொடங்குகிறது: இவை எவ்வளவு நெருக்கடியான இடத்துக்குள் கட்டப்பட்டன என்பது. 1985 செப்டம்பரில் வெளியான சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழுவதும், 32 உலகக் கட்டங்களும் இசையும் எதிரிகளும் சேர்ந்து, 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது: நிரலுக்கு 32, படங்களுக்கு 8. இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் இதைப்போல் பல மடங்கு இடத்தை விழுங்கும். அந்த 8 கிலோபைட்டுக்குள் வானத்து மேகத்துக்கும் தரையிலுள்ள புதருக்கும் தனித்தனிப் படம் வைக்க இடமில்லாததால், ஒரே வடிவத்தை வெள்ளையாகத் தீட்டி மேகமாகவும் பச்சையாகத் தீட்டிப் புதராகவும் பயன்படுத்தினார்கள். நூறு முறை ஆடியவர்களும் கவனிக்காத இதனை ஒருமுறை கண்டுகொண்டால், பின்னர் காணாமலிருக்க முடியாது. நான்கு அடிக்குள் யாப்புக்கு உட்பட்டு நிற்கும் வெண்பாவை ரசிப்பவருக்கு இம்மகிழ்ச்சியின் தன்மையை விளக்க வேண்டியதில்லை.

எதிரிகள் நெருங்கி வரும்போது உருவங்கள் மின்னி மின்னி மறைவதற்கும் இதுபோன்ற காரணமே உண்டு. ஃபேமிகாமின் படச்சில்லு, திரையின் ஒரு கிடைக்கோட்டில் எட்டு நகரும் உருவத்துண்டுகளுக்கு மேல் வரைய மாட்டாது. ஒன்பதாவது வந்தால் அது மறைந்துவிடும். எதிரி ஒருவன் கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டால் ஆட்டம் நியாயமற்றதாகிவிடும் என்பதால், நிரலாளர்கள் ஒவ்வொரு படச்சட்டத்திலும் வரிசையை மாற்றிக் கொடுத்து, எல்லா உருவங்களும் மாறி மாறித் தெரியும்படி செய்தார்கள். சிறுவயதில் 'கேசட் கெட்டுப்போச்சு' என்று நினைத்தது உண்மையில் ஒரு நிரலாளரின் நேர்மை என்பதை அறியும்போது, அந்த மின்னலின்மேல் மரியாதை பிறக்கிறது.

இவ்விளையாட்டுகள் நடுவயதினருக்குப் பொருந்துவதற்கு இன்னொரு காரணம், அவை முடிவுள்ளவை என்பதாகும். இன்றைய கைப்பேசி விளையாட்டுகளில் பல, நாள்தோறும் வந்து போகச் செய்வதையும் சிறிது சிறிதாகப் பணம் கட்டச் செய்வதையும் நோக்கமாகக் கொண்டு வடிவமைக்கப்படுகின்றன. ஆடுபவர் எழுந்து போக வேண்டிய இடம் எது என்பதை அவை காட்டுவதில்லை. 1985இல் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட பேட்டில் சிட்டி, தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மொழியில் 'டேங்க் கேம்', 35 கட்டங்களைக் கொண்டது. இருவர் அருகருகே தரையில் அமர்ந்து, ஒருவர் மஞ்சள் பீரங்கி வண்டியையும் மற்றவர் பச்சை வண்டியையும் ஓட்டி, செங்கல் சூழ்ந்த கழுகைக் காக்க வேண்டும். தவறுதலாகக் கூட்டாளியே கழுகைச் சுட்டுவிட்டால் ஆட்டம் அந்த நொடியே முடியும். அண்ணன் தம்பிச் சண்டைகள் பலவற்றின் தோற்றுவாய் அது. வேலையும் கடனும் பிள்ளைகளின் படிப்புமாக ஓடும் ஒரு நாளின் இறுதியில், அரைமணி ஆடி, தோற்று, நிறுத்திவிட்டு உறங்கப் போக இடங்கொடுக்கும் விளையாட்டு மதிப்புமிக்கது. கோனாமியின் கான்ட்ரா போன்று இருவர் சேர்ந்து ஆடக்கூடிய விளையாட்டுகளில், மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ என்று அழுத்தி முப்பது உயிர் பெறும் வித்தையை விரல்கள் இன்னும் மறக்காமல் வைத்திருப்பதும் பலருக்கு வியப்பளிக்கிறது.

அரசு கொடுத்த திரை

பழைய விளையாட்டுப் பெட்டியை இன்றைய தட்டைத் திரையில் இணைத்தால் படம் மங்கலாகவும் பரந்தும் தெரிவதோடு, விசையை அழுத்துவதற்கும் உருவம் குதிப்பதற்கும் இடையே சிறு தாமதமும் ஏற்படுகிறது. இப்பெட்டிகள் படக்குழாய்த் தொலைக்காட்சிக்கென்றே செய்யப்பட்டவை. அக்குழாயின் பின்கழுத்திலிருந்து புறப்படும் எலக்ட்ரான் கற்றை, திரையின் உட்புறத்தில் பூசிய ஒளிரும் பொருளின்மீது மேலிருந்து கீழாகக் கோடு கோடாக ஓடிப் படத்தை வரைகிறது. கோடுகளுக்கு இடையில் விழும் மெல்லிய கருமையும், புள்ளிகளின் ஓரத்தில் பரவும் கசிவும் சேர்ந்து, கட்டம் கட்டமான படத்தை மென்மையாக்கிக் காட்டின. அன்றைய ஓவியர்கள் அக்கசிவையும் கணக்கில் கொண்டே வரைந்தார்கள். வாத்துச் சுடும் விளையாட்டின் துப்பாக்கி படக்குழாயில் மட்டும் வேலை செய்வதற்குக் காரணமும் இதுவே: விசையை இழுத்த கணத்தில் திரை ஒரு சட்டம் முழுதும் கறுத்து, அடுத்த சட்டத்தில் வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் தோன்றும், துப்பாக்கிக்குள் உள்ள ஒளியுணரி அந்த வெண்மையைக் கண்டால் வாத்து விழும். தட்டைத் திரையின் தாமதம் இக்கணக்கைக் குலைத்துவிடுகிறது.

இங்குதான் தமிழ்நாட்டுக்கு மட்டுமே உரிய ஒரு சூழல் குறுக்கிடுகிறது. மேலைநாடுகளில் இக்கலையில் ஈடுபட்டோர் நல்ல படக்குழாய்த் தொலைக்காட்சி ஒன்றுக்காக அலைந்து பெரும்பணம் கொடுக்கும் நிலையில், தமிழக அரசு 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தின் கீழ் ஒரு கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் படக்குழாய்ப் பெட்டிகள் மாநிலமெங்கும் குடும்பங்களுக்கு வழங்கப்பட்டன. மக்கள் 'கலைஞர் டிவி' என்று அழைத்த அப்பெட்டி, அளவிலும் தன்மையிலும் ஃபேமிகாம் வகை விளையாட்டுகளுக்கு ஏற்ற திரை. தட்டைத் திரைகள் மலிந்தபின் இவை பழைய சாமான் வண்டிகளில் எடைக்குப் போய்க்கொண்டிருப்பது வருந்தத்தக்கது. நாளை இவற்றைத் தேடுவோர்க்கு ஒன்றுகூட அகப்படாமல் போகலாம். எனினும் இவற்றைத் திறந்து பழுதுபார்க்க நினைப்போர், குழாயின் உள்ளே 20,000 வோல்ட் அளவிலான மின்னழுத்தம் மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் தங்கியிருக்கக்கூடும் என்பதையும், அதன் கண்ணாடியில் ஈயம் கலந்துள்ளது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். இது அனுபவமுள்ள டிவி மெக்கானிக்கின் கைக்கு விட வேண்டிய வேலை.

நினைவுக்கும் உண்மைக்கும் இடையிலான இடைவெளியையும் இத்திரைகள் அளந்து காட்டுகின்றன. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தொலைக்காட்சி நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்க, இந்தியா பின்பற்றிய பால் முறையில் அது 50 முறையே நிகழும். இங்கு விற்ற நகல்பெட்டிகளில் பெரும்பாலானவை பால் முறைக்கேற்ப 50 சட்டங்களில் ஓடியதால், மாரியோ ஜப்பானில் ஓடியதைவிடக் கிள்ளையில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகவே ஓடினார். இன்று கணினியில் அதே விளையாட்டை மூல வேகத்தில் ஆடிப் பார்ப்பவர், 'சின்ன வயசுல நல்லா ஆடுவேனே, இப்ப கை வரலையே' என்று வயதின்மேல் பழிபோடுகிறார். பழியில் ஒரு பகுதி மின்னியல் முறைக்கே உரியது. வயது உண்மையாகவே பறித்துக்கொண்டது வேறொன்று. பால் முறைப் படக்குழாய்த் தொலைக்காட்சி நொடிக்கு 15,625 கோடுகளை வரையும்போது அந்த அதிர்வெண்ணில் மெல்லிய கீச்சொலி ஒன்றை எழுப்பும். அடுத்த அறையில் டிவி போட்டிருப்பதைச் சத்தம் வைக்காமலே பிள்ளைகள் கண்டுபிடித்தது அவ்வொலியால்தான். நாற்பதைக் கடந்த செவிகளில் பெரும்பாலானவற்றுக்கு அது கேட்பதில்லை. அதே பெட்டி, அதே கேசட். அருகில் அமர்ந்த மகளுக்குக் கேட்கும் ஒலி தந்தைக்குக் கேட்காது.

விசைப்பலகை முளைத்த டிவி கேம்

1975இல் மாஸ் டெக்னாலஜி நிறுவனத்தில் சக் பெடிலின் குழு வடிவமைத்து, 25 டாலருக்கு விற்ற 6502 என்னும் செயலி இக்கதை முழுவதையும் கோக்கும் நூலாகும். ஆப்பிள் 2 அதில் ஓடியது; பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ அதில் ஓடியது; ஃபேமிகாமின் உள்ளே இருந்ததும், பதின்மக் கணக்கீட்டுப் பகுதி மட்டும் நீக்கப்பட்ட அதே செயலியே. டிவி கேம் ஆடிய கிள்ளைச் சிறுவனின் மடியில் இருந்தது, அவனுக்குத் தெரியாவிட்டாலும், ஒரு வீட்டுக் கணினியின் இதயம். விசைப்பலகை ஒன்றுதான் குறை. அதையும் சேர்த்து, தட்டச்சுப் பயிற்சியும் பேசிக் மொழியும் அடங்கிய கேசட்டோடு, சில நூறு ரூபாய்க்குச் சீனப் பெட்டிகள் பின்னர் இந்தியச் சந்தைகளில் விற்கப்பட்டன. பொம்மைக் கடையில் கிடந்த அப்பெட்டிகளை மலிவான கல்விக் கணினியாகப் பயன்படுத்தலாம் என்று கண்டு, அவற்றுக்கென்றே பாடவிளையாட்டுகளை எழுத 2008 அளவில் தொடங்கிய பிளேபவர் என்ற திட்டம் இந்தியாவை மனத்தில் வைத்தே உருவானது. இப்பெட்டிகளைப் போலிச் சரக்கு என்று ஒதுக்கியவர்கள் பார்க்கத் தவறியது அவற்றின் இந்தப் பக்கத்தையே.

மற்றபடி, கடலூர் மாவட்ட மாணவர்களில் பலர் முதன்முதலாகக் கணினியின் முன் அமர்ந்தது 1990களில், பள்ளி, கல்லூரி அல்லது பயிற்சி நிலையங்களின் குளிரூட்டிய அறைகளில், செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான். ஆசிரியர் அகன்றதும் திரையில் தோன்றியவை டாஸ் விளையாட்டுகள்: வானிலிருந்து இறங்குவோரைச் சுடும் பாராட்ரூப்பர், கோப்பையைத் தேடும் டேவ், அறுபது நிமிடத்துக்குள் இளவரசியை மீட்க வேண்டிய பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா. இவற்றுள் கடைசியானதன் வரலாறு பழம்பொருள் காப்போர்க்கு ஒரு பாடம். ஜோர்டன் மெக்னர் ஆப்பிள் 2 கணினிக்காக எழுதி 1989இல் வெளியிட்ட இவ்விளையாட்டின் மூல நிரல் தொலைந்துவிட்டதாகவே கருதப்பட்டது. 2012இல் அவருடைய தந்தை வீட்டில் ஒரு பெட்டிக்குள்ளிருந்து ஃப்ளாப்பித் தட்டுகள் வெளிப்பட, வல்லுநர்கள் கூடி, சிதைவதற்குள் தரவுகளைப் படியெடுத்தார்கள். வீட்டுக்குள் பெட்டியில் இருந்த தட்டுகளைப் படியெடுத்ததையே இவ்வளவு பெரிய மீட்பாகக் கொண்டாடினார்கள் என்றால், கிள்ளையின் நிலை என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மழைக்கால ஈரத்தில் ஃப்ளாப்பியின் காந்தப்பரப்பில் பூஞ்சை பூக்கும். உப்புக்காற்று ஈயப்பற்றுகளை அரிக்கும். இவை போதாவென்று, 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையும், 2011 டிசம்பர் 30இல் தானே புயலும், 2015இன் பெருவெள்ளமும் இக்கடற்கரையைத் தாக்கின. உயிரும் படகும் கூரையும் போன இடத்தில் பழைய கேசட்டைத் தேடியவர் எவரும் இருந்திருக்க மாட்டார். இப்பகுதியில் எஞ்சியிருக்கும் பொருள்கள் அத்தனையையும் தாண்டி வந்தவை. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, ஆண்டுக்கொருமுறை எடுத்துப் பார்ப்பது அவற்றுக்குச் செய்யக்கூடிய குறைந்த அளவுச் சேவை.

முதன்முறையாக ஒரு ஸ்பெக்ட்ரம்

உண்மைப் பெட்டி கிடைக்காதவர்க்கு எமுலேட்டர் உண்டு. ஒரு கணினியின் செயல் முழுவதையும் இன்னொரு கணினி நடித்துக் காட்டும்படி எழுதப்பட்ட மென்பொருளே எமுலேட்டர் எனப்படுவது. 2011இல் தொடங்கி மாணவர்களுக்குத் தமிழக அரசு வழங்கிய மடிக்கணினிகள் இன்றைய மென்பொருளுக்கு ஈடுகொடுக்காமல் பல வீடுகளில் அலமாரிக்குள் கிடக்கின்றன. ஆனால் ஸ்பெக்ட்ரத்தையும் ஃபேமிகாமையும் நடித்துக் காட்ட அவற்றின் ஆற்றல் தாராளம். சட்டத்தையும் இங்கே கருத வேண்டும். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் நிரல்களை இலக்கியப் படைப்பாகக் கொண்டு, ஆசிரியரின் வாழ்நாளுக்குப் பின் 60 ஆண்டுவரை பாதுகாக்கிறது. முறையாக வைத்திருக்கும் நிரலுக்குக் காப்புப் படியெடுக்க இடந்தருகிறது. ஆகவே பழையது என்பதாலேயே எதுவும் பொதுவுடைமை ஆகிவிடுவதில்லை. ஸ்பெக்ட்ரத்தின் உரிமையை 1986இல் வாங்கிய ஆம்ஸ்ட்ராட் நிறுவனம் அதன் உள்நிரலை எமுலேட்டர்களோடு வழங்க இசைந்துள்ளமை இவ்வகையில் பாராட்டுக்குரியது; மற்ற நிறுவனங்களும் இவ்வழியைப் பின்பற்றியிருந்தால் இக்கலை இன்னும் நேர்மையாக வளர்ந்திருக்கும்.

சிறுவயதில் ஸ்பெக்ட்ரத்தைப் பார்த்தேயிராத ஒருவர் அதில் முதலில் என்ன செய்யலாம் என்று கேட்டால், விளையாடுவதைவிடச் சிறந்த விடை ஒன்றுண்டு: ஒரு தமிழ் எழுத்தை வரையலாம். ஸ்பெக்ட்ரத்தில் ஒவ்வோர் எழுத்தும் எட்டு வரி, எட்டுப் பத்தி கொண்ட கட்டத்துக்குள் அடங்கும். ஒவ்வொரு வரியும் ஓர் எண். பயனரே வரைந்துகொள்ளும் எழுத்துகளுக்கென 21 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. நினைவக முகவரி ஒன்றில் ஓர் எண்ணை நேரடியாக வைக்கும் 'போக்' என்ற கட்டளையால் எட்டு எண்களை வரிசையாக இட்டால் எழுத்து தயார். 'ட' எளிது: முதல் வரி 0, அடுத்த ஆறு வரிகளும் 64, கடைசி வரி 126, இடப்பக்கம் ஒரு தூண், அடியில் ஒரு கோடு. தூண் வரிகளில் 64க்குப் பதில் 66 இட்டால் வலப்பக்கத்திலும் தூண் எழும்பி 'ப' ஆகிவிடும். இரண்டு எண்ணுக்கு இடையே ஓர் எழுத்து இன்னோர் எழுத்தாக மாறுவதைக் கண்ணெதிரே காண்பது எந்தப் பாடநூலும் தராத விளக்கம். 'ம' சற்றுச் சிந்திக்க வைக்கும். 'ண' எட்டுப் பத்திக்குள் அடங்க மறுத்து அடுத்த கட்டத்தையும் கேட்கும். உயிரும் மெய்யுமாகவே முப்பது, அவற்றோடு ஆய்தமும் துணைக்கால், கொம்பு முதலியனவும் வேண்டும் என்னும்போது 21 இடம் போதாது. எந்த எழுத்தை எதிலிருந்து பிரித்தெடுக்கலாம், எதை இரண்டு துண்டாக வெட்டலாம் என்ற கணக்கு தொடங்கும். கனடாவில் ஆதமியை உருவாக்கிய சீனிவாசனும், மலேசியாவில் முரசை உருவாக்கிய முத்து நெடுமாறனும் 1980களின் நடுப்பகுதியில் இதனோடு ஒத்த நெருக்கடியில்தான் தமிழைத் திரைக்குக் கொண்டுவந்தார்கள்.

இதற்கு மடிக்கணினிகூட வேண்டியதில்லை. கைப்பேசியிலேயே எமுலேட்டர் ஓடும். அக்கைப்பேசியின் உள்ளிருக்கும் ஆர்ம் வகைச் செயலியின் முதல் வடிவம் 1985 ஏப்ரலில் ஏக்கார்ன் நிறுவனத்தில் பிறந்தது. அதன் கட்டளைத் தொகுதியை சோஃபி வில்சன் முதலில் ஒரு பிபிசி மைக்ரோவில், பேசிக் மொழியில் எழுதித்தான் சோதித்தார். பள்ளிகளுக்கு 1984இல் வந்து, கிள்ளைக்கு வராமல் போன கணினியின் வழித்தோன்றல் இன்று வெள்ளாற்று முகத்துவாரத்தில் மீன்விலை கேட்கும் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. அதன் திரையில் ரப்பர் விசைகளின் படத்தைத் தொட்டு, 64, 64, 64 என்று இட்டுக்கொண்டே போனால், நாற்பது ஆண்டு தாமதமாக ஒரு 'ட' தோன்றும். எட்டுக்கு எட்டில் 'ழ'வைப் படிக்கும்படியாக வரைவது எப்படி என்பதற்கு ஒன்றிரண்டு மாலைப்பொழுதுகள் தேவைப்படும்.